ஆண்டுக்கொருமுறை திறக்கும் கதவு: மட்டக்களப்பின் கண்ணகி அம்மன் சடங்கு

வைகாசி நெருங்கும்போது மட்டக்களப்பில் ஆளுக்காள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கட ஊரில எப்ப கதவு திறக்கிற?" வெளிமாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர், கோயில் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்றுதான் கேட்கிறார்கள் என்று முதல் வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிச் சிரித்தார். இங்கே கேட்கப்படுவது நாள். கிழக்கின் பழைய கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கும். வைகாசிப் பூரணையை அண்டிய சில நாட்கள் திறந்திருக்கும். குளிர்த்தி முடிந்ததும் பூட்டப்படும். பிறகு அடுத்த வைகாசி வரை அந்த வளவில் வேம்பும் காற்றும்தான்.

வந்தாறுமூலை, புதுக்குடியிருப்பு, செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, எருவில், மகிழூர், கல்லாறு, காரைதீவு, தம்பிலுவில் என்று கடலோரமாகவும் வாவிக்கரையோரமாகவும் இந்தக் கோயில்கள் நீண்டு செல்கின்றன. ஒவ்வொன்றிலும் நடைமுறை கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். சில இடங்களில் மூன்று நாள், சில இடங்களில் ஐந்து, ஏழு, அதற்கு மேலும் உண்டு. சில கோயில்கள் இப்போது வெள்ளிக்கிழமைகளிலும் திறக்கின்றன. ஆனால் "கதவு திறத்தல்" என்ற சொல்லுக்கு எங்கும் ஒரே எடைதான்.

நான் படுவான்கரையில் பிறந்தவன். எங்கள் ஊர்க் கோயிலில் சில வருடங்களாக ஒரு விவாதம் நடக்கிறது. நித்திய பூசை வேண்டும், கருங்கல் மூலஸ்தானம் வேண்டும், கும்பாபிஷேகம் செய்து ஐயரை அமர்த்த வேண்டும் என்கிறது ஒரு பகுதி. "அம்மாள் பாவம், பதினொரு மாதமும் இருட்டுக்குள்ள இருக்கிறா" என்பது அவர்களுடைய வாதம். மற்றப் பகுதி வேண்டாம் என்கிறது, ஆனால் ஏன் வேண்டாம் என்று கேட்டால் "அப்படித்தான் வழமை" என்பதற்கு மேல் அவர்களாலும் சொல்ல முடிவதில்லை. இளம் பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுக்கிறார்கள். சடங்கு என்பது என்ன, அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு அந்த முடிவை எடுப்பது நல்லது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

திருவிழா வேறு, சடங்கு வேறு

கொடியேற்றம், வாகனம், தேர், தீர்த்தம் என்று போவது திருவிழா. அது ஆகமத்தின் வழி. அம்மன் கோயில்களில் நடப்பதைக் கிழக்கில் யாரும் திருவிழா என்று சொல்வதில்லை, சடங்கு என்றே சொல்வார்கள். வீட்டில் பெண்பிள்ளை பெரியவளானால் செய்வதும் சடங்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தச் சொல்லின் வாசனை பிடிபடும். உறவுக்காரர் கூடி, ஒவ்வொருவருக்கும் உரிய வேலையை அவரவர் செய்து, ஒருத்தியை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கண்ணகி சடங்கும் அதுதான். மதுரையை எரித்துவிட்டுக் கொதித்து நிற்கும் ஒருத்தியை ஊர் கூடிக் குளிர வைக்கிறது.

இதற்கு வேதமந்திரம் இல்லை. வழிமுறைகளைச் சொல்லும் பழைய ஏடுகளைப் பத்ததி என்பார்கள். பூசை செய்பவர் ஊர்க்காரர். கட்டாடியார், கப்புகனார், பூசகர் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். வழிவழியாக வரும் உரிமை அது. கோயிலின் கணக்குவழக்கையும் நிருவாகத்தையும் பார்ப்பவர் வண்ணக்கர். அதுவும் குறிப்பிட்ட குடிக்கே உரியது. மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. சடங்கின் ஒவ்வொரு நாள் பூசையும் ஒரு குடிக்கோ ஊர்ப் பகுதிக்கோ உரியது. யார் பெயரை முதலில் சொல்லி அழைப்பது, யாருக்கு முதலில் பிரசாதம் கொடுப்பது என்பதில்கூட ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு எல்லாம் நியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குள் சாதியும் இருக்கிறது, மேலே யார் கீழே யார் என்ற கணக்கும் இருக்கிறது. சில ஊர்களில் அதனாலேயே சடங்கு நின்றுபோய், வழக்கு என்று நீதிமன்றம் வரை போனதும் உண்டு. ஆனாலும் ஊரில் உள்ள எல்லாருக்கும் ஏதாவது ஒரு வேலையைச் சடங்கு வைத்திருக்கிறது என்பது உண்மை.

கதவு திறக்கும் நாளுக்கு முன்பே ஊர் மாறத் தொடங்கிவிடும். வளவு துப்புரவாக்கப்படும். வீடுகளில் மச்சம் சமைப்பது நிற்கும். கதவு திறக்கும் வேளையில் பறை முழங்கும், பெண்கள் குரவையிடுவார்கள். பகலும் இரவும் பூசை நடக்கும். இடையில் ஒரு நாள் கலியாணக்கால். குறிப்பிட்ட மரத்தின் கிளையொன்றை முறைப்படி வெட்டி, ஊர்வலமாகக் கொண்டுவந்து, பட்டுச் சுற்றி, கோயில் முன்றலில் நடுவார்கள். கண்ணகிக்கும் கோவலனுக்கும் நடந்த கலியாணத்தின் அடையாளம் அது. அந்த இரவில் கோயில் வளவு கலியாண வீடு போலவே இருக்கும். என் அம்மம்மா அன்றைக்குக் கட்டுவதற்கென்றே ஒரு கூறைச்சேலையைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். கேட்டால் "நாம பொம்பிளப் பகுதி" என்பார். அதாவது அவர் மணமகள் வீட்டாராம்.

நேர்த்திக்கடன்களும் இந்த நாட்களில்தான் நிறைவேறும். கண் நோய் தீர்ந்தவர்கள் வெள்ளியில் கண்மடல் சாத்துவார்கள். வசதியான வீட்டுப் பெண்களும் வீடு வீடாகச் சென்று மடிப்பிச்சை எடுத்து, கிடைத்த அரிசியையும் காசையும் கோயிலில் சேர்ப்பார்கள். காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்ய முடியாத நேர்த்தி அது. மற்ற நாளில் வீட்டுக்கு உதவி கேட்டு வருபவரிடம் அன்றைக்கு இவர் முந்தானையை ஏந்திக்கொண்டு போய் நிற்க வேண்டும். பெண்கள் கூடி நெல் குற்றுவார்கள். அந்த அரிசியில்தான் பொங்கல். ஆலையில் தீட்டிய அரிசி வாங்கலாமே என்று எங்கள் ஊரில் ஒருமுறை யோசனை வந்தது. உலக்கையைத் தூக்கிக்கொண்டு முதலில் எதிர்த்தவர்கள் அறுபது வயது தாண்டிய பெண்கள்தாம்.

வழக்குரை என்னும் நூல்

இந்தச் சடங்கின் நடுவில் ஒரு நூல் இருக்கிறது. கண்ணகி வழக்குரை. கோயில் திறந்திருக்கும் நாட்களில் அது பகுதி பகுதியாகப் பாடப்படும். கண்ணகி கதை என்றதும் சிலப்பதிகாரத்தைத்தான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். கிழக்கில் எழுத்து வாசனை இல்லாத கிழவிகளுக்கும் கண்ணகி கதை தெரிந்திருந்தது என்றால் அதற்குக் காரணம் சிலப்பதிகாரம் அன்று. வழக்குரைதான்.

கதையிலும் வேறுபாடு பெரிது. சிலம்பில் கண்ணகி புகார் நகரத்து வணிகர் வீட்டுப் பெண். வழக்குரையில் அவள் பாண்டியனின் அகந்தையை அடக்க வந்த தெய்வம். பாண்டியனுக்கு நெற்றியில் ஒரு கண் உண்டு. அவனுடைய சோலையில் மாங்கனியாக வந்து குழந்தையாகிறாள். நாட்டுக்கு ஆகாத பிள்ளை என்று பேழையில் வைத்து நீரில் விட்டுவிடுகிறார்கள். வணிகர் கையில் கிடைத்து வளர்கிறாள். தன்னைத் தள்ளிவிட்ட வீட்டுக்கே சிலம்போடு திரும்பிப் போகிறாள். வழக்கு உரைப்பது என்பது இங்கே கணவனுக்காக மட்டும் அன்று என்பதைக் கேட்பவர்கள் எல்லாரும் அறிவார்கள்.

கடலோட்டு என்று ஒரு பகுதி வருகிறது. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலேறுகிறான். வழியில் வெடியரசனோடு கடும் சண்டை. வெடியரசனை நெடுந்தீவோடு சேர்த்துச் சொல்வது ஈழத்து மரபு, அவன் கோட்டை என்று காட்டப்படும் கற்குவியல் இன்றும் அந்தத் தீவில் இருக்கிறது. இப்படி, புகாருக்கும் மதுரைக்கும் நடுவே நடந்த கதைக்குள் எங்கள் கடலும் தீவுகளும் வந்து சேர்ந்துவிடுகின்றன. கப்பல் கட்டும் விவரங்களைப் பாடும்போது கடற்கரை ஊர்க்காரர்கள் முன்னால் வந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

கொலைக்களம், உயிர்மீட்பு, வழக்கு, எரிப்பு என்று கதை ஏறிக்கொண்டே போகும். கொலைக்களம் பாடும் இரவில் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். எங்கள் ஊரில் அந்த இரவு குழந்தைகளைக் கோயிலுக்குக் கூட்டிவராத வீடுகளும் உண்டு. கடைசியில் வருவது குளிர்ச்சி. ஏடு முடியும் இடமும் சடங்கு முடியும் இடமும் ஒன்றுதான்.

காரைதீவு இந்து சமய விருத்திச் சங்கத்தின் முயற்சியால் 1968 இல் இது அச்சில் வந்தது. பதிப்பித்தவர் பண்டிதர் வி. சீ. கந்தையா. 1964 இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியவரும் அவர்தான். அந்தப் பதிப்பு இல்லாவிட்டால் ஊருக்கு ஊர் இருந்த ஏடுகளோடு இதுவும் போயிருக்கும். ஆனால் அச்சில் இருப்பது சொல் மட்டும்தான். எந்த இடத்தில் குரலை ஏற்றுவது, எங்கே உடுக்கை நிறுத்துவது, எந்தப் பகுதிக்குப் பிறகு திரை மூடுவது என்பவை பாடுபவரின் தொண்டையிலும் கையிலும் இருக்கின்றன. வழக்குரையைத் தவிர காவியம், ஊர்சுற்றுக் காவியம், மழைக்காவியம், உடுக்குச்சிந்து என்று வேறு பாடல்களும் உண்டு. மழைக்காவியம் பெயருக்கேற்ப மழை கேட்டுப் பாடுவது.

ஏன் குளிர வைக்க வேண்டும்?

கிழக்கின் பருவத்தை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எங்களுக்கு மழை ஐப்பசி தொடக்கம் தை வரை. பங்குனியோடு பெரும்போக அறுவடை முடிந்து, சித்திரைக்குப் பிறகு வயல் வெடிக்கத் தொடங்கும். வைகாசியில் கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி ஈரத்தை இழந்து வருகிற காற்று அது, முகத்தில் அடித்தால் அடுப்பு வாயில் நின்றது போல இருக்கும். கிணறுகள் கீழே போகும். ஒருகாலத்தில் அம்மை பரவியதும் இந்த மாதங்களில்தான். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980 இல் அறிவித்தது. அதற்கு முந்திய தலைமுறைகளுக்கு வைகாசி என்பது பயமான மாதம். இன்றும் பொக்களிப்பான் வந்தால் "அம்மாள் வந்திருக்கிறா" என்றுதான் சொல்கிறோம். வாசலில் வேப்பிலை செருகுகிறோம்.

இது பாமரர் தாங்களாகக் கட்டிய கதை என்று சிலர் சொல்வதுண்டு. சிலப்பதிகாரத்தின் முன்னால் உள்ள உரைபெறு கட்டுரையைப் படித்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மதுரை எரிந்த பிறகு பாண்டி நாட்டில் மழை பொய்த்து, வெப்ப நோயும் கொப்புளமும் பரவியதாகவும், கண்ணகிக்கு விழாச் செய்த பிறகே மழை பெய்து நோய் நீங்கியதாகவும் அது சொல்கிறது. இலங்கை வேந்தன் கயவாகு தன் நாட்டில் ஆடி மாதத்தில் விழா எடுத்ததும் மழைக்காகவே. மழை, நோய், கோபம் மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டியது மட்டக்களப்புக் கட்டாடியார் அல்லர். அவர் பிரித்துவிடாமல் காத்துவந்திருக்கிறார், அவ்வளவுதான்.

குளிர்த்தி பெரும்பாலும் விடியப்புறம் நடக்கும். பானைகளில் நீர் நிறைத்து வைத்திருப்பார்கள். வேப்பிலைக் கொத்தோடு கட்டாடியார் நிற்க, குளிர்ச்சிப் பாடல் தொடங்கும். கேட்பதெல்லாம் ஒன்றே. குளிர்ந்தருள வேண்டும். ஆற்றையும் கடலையும் நிலவையும் சந்தனத்தையும் பாலையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அவளைத் தணிப்பார்கள். அழுகிற பிள்ளையைத் தாய் ஆற்றுவது போன்ற மெட்டு அது. பாட்டின் முடிவில் அந்த நீரைக் கூட்டத்தின் மேல் தெளிப்பார்கள். மிஞ்சியதைப் போத்தலிலும் செம்பிலும் வாங்கிக்கொண்டு போய் வீட்டு மூலைகளிலும் மாட்டுப்பட்டியிலும் வயலிலும் தெளிப்பார்கள். பிறகு கதவு சாத்தப்படும்.

அம்மன் பதினொரு மாதம் இருட்டில் இருக்கிறாள் என்று வருந்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கதவு மூடப்படுவது புறக்கணிப்பு அன்று. குளிர்ந்தவள் குளிர்ந்தபடியே இருக்கட்டும் என்பதற்காக மூடுகிறார்கள். எங்கள் கட்டாடியாரிடம் நித்திய பூசை பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: "மனே, அவ ஊரோட கதைக்க வாறது வருசத்தில ஒருக்கா. நாம தினமும் மணியடிச்சி எழுப்பினா அவவுக்கு என்ன ஆறுதல்?"

பத்தினித் தெய்யோ

இதே தெய்வத்தைச் சிங்கள பௌத்தர்கள் பத்தினி என்று வழிபடுகிறார்கள். கண்டியில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்ற நான்கு தேவாலயங்களில் ஒன்று அவளுக்குரியது. எசல பெரஹராவில் அவளுடைய ஊர்வலமும் போகும். தென்மேற்குப் பகுதிகளில் கம்மடுவ என்ற சடங்கில் 'பந்திஸ் கோல்முற' எனப்படும் 35 பாடல் நூல்களைப் பாடும் மரபு இருந்தது. மாங்கனிப் பிறப்பும் முக்கண் பாண்டியனும் அங்கும் உண்டு. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984 இல் வெளியிட்ட பெரிய நூல் முழுக்கப் பத்தினி வழிபாட்டைப் பற்றியதுதான். கயவாகு மன்னன் வழிபாட்டைக் கொண்டுவந்தான் என்பதை அவர் வரலாறாக ஏற்கவில்லை, தொன்மமாகவே பார்க்கிறார்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரு விளையாட்டும் பொது. சிங்களத்தில் அங்கெலிய, எங்களிடம் கொம்புமுறி. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, எது முறிகிறது என்று இழுப்பார்கள். தோற்ற பக்கத்தை வசை பாடித் தீர்ப்பார்கள். வைது முடிந்த பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாகக் கோயிலுக்குப் போவார்கள். இப்போது கொம்புமுறி அரிதாகிவிட்டது. வசையைத் தாங்கும் பொறுமை ஊர்களில் குறைந்துவிட்டதும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

யாழ்ப்பாணத்தில் நடந்தது

மட்டக்களப்பில் இன்று எழுந்திருக்கும் விவாதம் யாழ்ப்பாணத்தில் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அங்கும் கண்ணகை அம்மன் கோயில்கள் பரவலாக இருந்தன. ஆறுமுக நாவலர் (1822–1879) சைவத்தை ஆகம வழியில் நிறுத்தப் பாடுபட்டவர். மிஷனரிமாரின் தாக்குதலுக்கு முன்னால் சைவத்துக்கு ஒரு நூலடிப்படையும் ஒழுங்கும் தேவைப்பட்ட காலம் அது. அந்த நிலைப்பாட்டிலிருந்து, சமணக் காப்பியம் ஒன்றின் வணிகக் குலப் பெண்ணைச் சைவர்கள் தெய்வமாகக் கும்பிடுவதை அவர் கண்டித்தார். பலியையும் எதிர்த்தார். பலி நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவருடைய காலத்துக்குப் பின் பல கண்ணகை அம்மன்கள் இராஜராஜேஸ்வரியாகவும் புவனேஸ்வரியாகவும் மாறினார்கள். புங்குடுதீவில் இரண்டு பெயரும் சேர்ந்தே வழங்குகின்றன. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலில் பங்குனித் திங்களுக்குக் கூடுகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு அவள் கண்ணகை என்று தெரியும்?

தெய்வத்தின் பெயர் மாறுவதில் தெய்வத்துக்கு ஒரு நட்டமும் இல்லை என்று வாதிடலாம். நட்டம் பாட்டுக்கு. இராஜராஜேஸ்வரி முன்னால் சிலம்பு உடைத்த கதையை யார் பாடுவது? கோவலன் கதை பாடியவர்களுக்குக் கோயிலில் வேலை இல்லாமல் போயிற்று. பிறகு பாடுபவரும் இல்லாமல் போயினர்.

வன்னி நிலைமை வேறு. முல்லைத்தீவு வற்றாப்பளையில் பொங்கல் இன்றும் பழைய ஒழுங்கில் நடக்கிறது. பாக்குத்தெண்டலோடு தொடங்கி, அடுத்து கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டுவிநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, பிறகு வற்றாப்பளையில் வைகாசித் திங்களன்று பொங்கல். மதுரையை எரித்துவிட்டு வந்த கிழவியாக அவள் மாட்டுக்காரச் சிறுவர்களிடம் பசிக்குப் பொங்கச் சொன்னாள், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றச் சொன்னாள் என்பது கதை. 2009 இல் அந்த நிலம் பட்ட பாட்டை எல்லாரும் அறிவோம். அதன் பிறகும் சனம் அங்கே திரள்வது ஐயர் ஓதும் மந்திரத்தைக் கேட்க அன்று. அந்த உப்புநீர் விளக்கைப் பார்க்கத்தான்.

இப்போது என்ன நடக்கிறது

போர் முடிந்த பிறகு கிழக்கில் கோயில் கட்டும் வேலை வேகம் பிடித்தது. 2004 ஆழிப்பேரலையில் இடிந்தவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் காசு அனுப்பினார்கள். காசு அனுப்புபவர் கேட்பது கண்ணுக்குத் தெரியும் ஒன்று. கோபுரம் தெரியும், சிற்பத் தூண் தெரியும். வழக்குரை பாடக் கற்றுக்கொள்ளும் பையனுக்கு மூன்று வருடம் கொடுக்கும் சாப்பாட்டுச் செலவு படத்தில் விழாது. எங்கள் ஊரில் மண்டபத் தூணுக்கு உபயகாரர் கிடைத்தார், உடுக்குக்குத் தோல் மாற்ற இரண்டு வருடம் ஆள் தேடினோம்.

ஆகம வழிபாட்டின் மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. எங்கள் ஊரில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, அங்கே ஐயர் இருக்கிறார், நாள்தோறும் பூசை நடக்கிறது. தினமும் கும்பிட விரும்புகிறவருக்கு அங்கே போக ஐந்து நிமிடம். இருக்கிற இரண்டு வழியில் ஒன்றை அழித்து, ஒரே வழியை இரண்டு இடத்தில் வைத்திருப்பதில் என்ன பயன் என்பதே என் கேள்வி. கிழக்கின் பெரிய கோயில்களே ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. கொக்கட்டிச்சோலையில் பூசை செய்பவர்கள் வீரசைவக் குருக்கள்மார். மண்டூரில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் அதே வாய்கட்டிப் பூசைதான். அவற்றை யாரும் குறைந்த வழிபாடு என்று சொல்லத் துணிவதில்லை. ஊர்க் கண்ணகி கோயில் என்றதும் மட்டும் திருத்த வேண்டியதாகத் தெரிகிறது.

நித்திய பூசைக்காரர்களின் பேச்சில் நியாயமான ஒன்றும் உண்டு. கட்டாடியாருக்கு வருமானம் கிடையாது. வருடத்தில் சில நாள் கோயில், மீதி நாள் வயலும் கூலியும். அவருடைய மகன் கட்டாரில் வேலை செய்கிறான், பத்ததி படிக்க வரமாட்டான். ஐயரை அமர்த்தினால் சம்பளம் கொடுக்கச் சபை ஒத்துக்கொள்கிறது. அதே சம்பளத்தில் பாதியைக் கட்டாடியாருக்கும் பாடுபவருக்கும் கொடுக்கலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். "அது வழமையில் இல்லை" என்று பதில் வந்தது. கருங்கல் மூலஸ்தானம் மட்டும் வழமையில் இருந்ததா என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார். கூட்டம் சிரித்தது, தலைவர் தேநீருக்கு இடைவேளை விட்டார்.

பதிவு செய்து வைத்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். பதிவு தேவைதான். எங்கள் ஊரில் இரண்டு சடங்குக் காலத்துப் பாட்டு முழுவதும் ஒலிப்பதிவாக இருக்கிறது. ஆனால் ஒலிபெருக்கியில் கொலைக்களத்தைப் போட்டபோது கிழவிகள் அழவில்லை. பாடுபவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில்தான் அவர்கள் குரவையிடுவார்கள். பதிவுக்கு மூச்சு வாங்கத் தெரியாது.

சபை இன்னும் முடிவெடுக்கவில்லை. கட்டட வரைபடம் வந்துவிட்டது, காசு பாதி சேர்ந்திருக்கிறது. வழக்குரை முழுவதையும் பாடத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இப்போது மூன்று பேர். ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது. அவருக்குப் பக்கத்தில் இருந்து ஏட்டுப்படியை வாசித்துக் கொடுப்பது உயர்தரம் படிக்கும் அவருடைய பேத்தி. வாசித்து வாசித்துக் கடலோட்டு முழுவதும் அவளுக்கு மனப்பாடம். பெண்பிள்ளையைப் பாட விடலாமா என்ற கேள்வியை இதுவரை யாரும் சபையில் எழுப்பவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுப்புவதாக இருக்கிறேன்.